தொழிற்களத்தில் தலைமை

(எமது இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே நாயன்மார் சரிதமும் புராண விளக்கமும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, இன்று எனக்குத் தரப்பட்ட பொருள் சற்று வறண்டதாகத் தோன்றலாம். தொழில் செய்யும் இடத்திலே ஒருவன் மற்றவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி மன்றச் செயலாளர் கேட்டார். இது கம்பனிக்காரர் பேசவேண்டிய பேச்சு, கோயில் முன்றிலிலே இதற்கு என்ன இடம் என்று யாராவது நினைக்கக் கூடும். அப்படி அன்று, இது நம்முடைய பேச்சுத்தான் என்பதைக் காட்டவே இங்கு நிற்கிறேன்.

முன்னாளிலே வாகரைப் பிள்ளைக்குத் தொழில் என்றால் கடல், வயல், காடு என்னும் மூன்றுதான். வடக்கே வெருகல் ஆறு, தெற்கே பனிச்சங்கேணிக் களப்பு, கிழக்கே பெருங்கடல். இந்த எல்லைக்குள்ளே தகப்பனோ மாமனோ முன்னே நடக்க, பிள்ளை பின்னே நடந்து தொழில் பழகினான். இன்று நிலைமை வேறு. கதிரவெளியிலிருந்தும் பால்சேனையிலிருந்தும் மாங்கேணியிலிருந்தும் நமது பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். பாசிக்குடா விடுதிகளுக்குப் போகிறார்கள். கொழும்புக் கடைகளுக்கும் வங்கிகளுக்கும், கடல் கடந்து கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். போனவர்களிலே கெட்டிக்காரர் இரண்டு மூன்று வருடத்திலே மேற்பார்வையாளர் ஆகிறார்கள். பத்துப் பேர், இருபது பேர் அவர்கள் சொற்கேட்டு வேலை செய்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தையல் யந்திரத்தை ஓட்ட மூன்று மாதப் பயிற்சி கொடுக்கிறார்கள். கணனியைப் பாவிக்கச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். மனிதரை நடத்துவதற்கு மட்டும் யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. நேற்றுவரை பக்கத்து யந்திரத்திலே இருந்தவனை இன்று எழுப்பி, "நீதான் இனிப் பொறுப்பு" என்று சொல்லிவிடுகிறார்கள். அவன் என்ன செய்வான்? தன்னை யார் எப்படி நடத்தினார்களோ, அப்படியே மற்றவர்களை நடத்துவான். தன்மேல் விழுந்த ஏச்சைத் தனக்குக் கீழே உள்ளவர்மேல் இறக்கி வைப்பான்.

நானறிந்த ஒரு பிள்ளை, நமது பகுதியைச் சேர்ந்தவள், ஒரு தொழிற்சாலையிலே வேலை செய்தாள். தாய்க்குக் கடுமையான சுகவீனம். அரை நாள் லீவு கேட்டாள். வரிசையிலுள்ள அத்தனை பேருக்கும் முன்னாலே மேற்பார்வையாளர் அவளை ஏசினார். லீவு மறுத்ததை அவள் தாங்கியிருப்பாள். அந்த ஏச்சைத் தாங்கவில்லை. அன்று மாலையே வேலையை விட்டு வந்துவிட்டாள். ஒரு குடும்பத்தின் அடுப்பு அந்த மாதம் அணைந்தது. தொழிற்சாலைக்கும் கை பழகிய ஒருத்தி போனாள். இதிலே நான் மிகவும் வருந்துவது என்னவென்றால், ஏசிய மேற்பார்வையாளரும் கொடியவர் அல்லர். அவரும் எங்கோ ஒரு கிராமத்துத் தாய் பெற்ற பிள்ளை. மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்று மேலே இருந்து அவரை நெருக்கினார்கள். நெருக்கத்தைக் கையாளும் வழி அவருக்குத் தெரியவில்லை. ஆகவே, இன்றைய பேச்சு வெறும் அலங்காரப் பேச்சு அன்று. நம்முடைய பிள்ளைகள் ஏச்சுக் கேட்பவர்களாகவும் இருக்கிறார்கள், ஏசுபவர்களாகவும் ஆகிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்பர்களே, மேனாட்டார் நூல் எழுதுமுன்னரே மட்டக்களப்பு மண்ணுக்குத் தலைமை என்றால் என்னவென்று தெரியும். நமது வயல்வெளிகளிலே வட்டவிதானையார் என்று ஒருவர் இருந்ததைப் பெரியோர் அறிவர். அவர் அந்த வட்டையிலே பயிர் செய்பவர்களாலே தெரிவு செய்யப்பட்டவர். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர், எந்த வேலியை யார் அடைக்க வேண்டும், மாடு புகுந்து அழித்தால் யார் பொறுப்பு என்பவற்றை அவர் தீர்ப்பார். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடை முடிந்து நெல் வந்த பின்னரே அவருடைய பங்கு அவருக்குப் போகும். இதன் நுட்பத்தைப் பாருங்கள். வயல் விளையாவிட்டால் அவருக்கும் இல்லை. கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் போகாவிட்டால், அடுத்த கூட்டத்திலே அவன் எழுந்து கேட்பான். தன் நன்மையும் பிறர் நன்மையும் ஒரே வாய்க்காலிலே ஓடும்படி அமைந்த தலைமை அது.

கரைவலையும் அப்படித்தான். வலையின் இரு தலைப்பையும் இரு பக்கத்தார் இழுக்கிறார்கள். ஒரு பக்கம் வேகமாக இழுத்து மறுபக்கம் பின்தங்கினால், வலை கோணும், மீன் தப்பும். ஆகையால் முன்னின்று நடத்துபவர், கெட்டியான கைகளையெல்லாம் ஒரு பக்கத்திலே சேர்க்கமாட்டார். கிழவர் எங்கே, இளைஞர் எங்கே என்று பார்த்து இரு பக்கத்தையும் சமன் செய்வார். குரல் கொடுப்பார், அந்தக் குரலிலே எல்லோருடைய காலடியும் ஒன்றாகும். ஒரு தொழிற்சாலை வரிசையிலும் வேண்டியது இதுவே. அதற்காகப் பழைமையெல்லாம் பொன் என்று நான் சொல்லவரவில்லை. போடியாரின் வயலிலே கூலிக்காரன் பட்ட கஷ்டமும், குடிவேற்றுமை சொல்லி மனிதரை ஒதுக்கிய வழக்கமும் அந்தப் பழைமையிலேயே இருந்தன. நல்லதை எடுப்போம், அல்லதை விடுவோம்.

இனி, ஓர் உண்மை வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்து இளைஞர் மன்றம் ஒன்று அவசியம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

சென்னையிலே பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரண்டு பெரிய நெசவாலைகள் இருந்தன. பின்னி கம்பனியார் நடத்திய அந்த ஆலைகளிலே ஆயிரக்கணக்கான தொழிலாளர் உழைத்தனர். அதே பகுதியிலே செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் வணிகர் இருவர், ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்தி சபையை நடத்தி வந்தனர். நமது மன்றத்தைப்போல அங்கும் பஜனையும் சமயப் பிரசங்கமும் நடைபெறும். ஆலைத் தொழிலாளர் வேலை முடிந்து வந்து உட்காருவார்கள்.

உட்கார்ந்தவர்கள் பிரசங்கம் முடிந்ததும் உடனே எழுந்து போய்விடவில்லை. தங்கள் துன்பத்தைச் சொன்னார்கள். விடியற்காலையிலே ஆலை வாயிலுக்கு ஓட வேண்டும். நடுப்பகலிலே கிடைப்பது அரை மணி நேரம். அதற்குள்ளே கை கழுவி, சோறு உண்டு, திரும்ப யந்திரத்துக்கு வரவேண்டும். மேலாளரின் வசவு வேறு. இவற்றையெல்லாம் அந்த இரு வணிகரும் கேட்டனர். கேட்டுவிட்டு, "எல்லாம் தலைவிதி, பெருமாளைப் பாடுங்கள்" என்று சொல்லி அனுப்பவில்லை. அக்காலத்திலே 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த திரு. வி. கலியாணசுந்தர முதலியாரை அழைத்து வந்தனர். 1918 மார்ச் 2ஆம் திகதி அவர் அந்தச் சபையிலே தொழிலாளரிடையே பேசினார். பின்னர் அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவான பி. பி. வாடியா அவர்களை நாடினர். 1918 ஏப்பிரல் 27ஆம் திகதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவிலே ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதனையே பலரும் கொள்வர். நடுப்பகல் உணவு நேரத்தை அரை மணியிலிருந்து நாற்பது நிமிடமாகக் கூட்ட வேண்டும் என்பது அவர்களுடைய முதற் கோரிக்கைகளில் ஒன்று.

பத்தே நிமிடம்! மாளிகையா கேட்டார்கள்? நிதானமாக ஒரு வாய் சோறு உண்ணப் பத்து நிமிடம் கேட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தை ஆலைக்குள்ளே இருந்த மேலாளர் ஒருவர் முன்னமே கண்டு கொடுத்திருக்க முடியும். தினந்தோறும் அவர்கள் கண்முன்னேதான் தொழிலாளர் ஓடி வந்து ஓடிப்போனார்கள். கண்ணிருந்தும் அவர்கள் காணவில்லை. வெளியே பஜனை மடத்திலே இருந்தவர்கள் காதாலே கேட்டார்கள். தலைமையின் முதற் பாடம் இதுதான். கேட்பவனுக்கே தெரியும், தெரிந்தவனுக்கே தீர்க்க முடியும்.

அந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1920ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஆலையில் பிணக்கு முற்றியது. அவ்வாண்டு டிசெம்பர் 9ஆம் திகதி பொலிசார் சுட்டதிலே உயிர்கள் போயின. தொழிலாளரை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று கம்பனியார் வாடியாமேல் வழக்குத் தொடுத்தனர். உயர் நீதிமன்றம் தடையுத்தரவு வழங்கியது. சங்கம் சேர்ப்பதற்குச் சட்டத்தின் காப்பு இல்லை என்பது அப்போதுதான் நாடறிய வெளிப்பட்டது. 1926இல் இந்தியாவிலே தொழிற்சங்கச் சட்டம் பிறந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

அதனினும் பெரிய அடி 1921இல் விழுந்தது. அவ்வாண்டு வேலைநிறுத்தம் மாதக்கணக்கிலே நீடித்தபோது, தொழிலாளர் சாதி வழியாகப் பிரிந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளரிலே பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். மற்றையோர் வெளியே நின்றனர். புளியந்தோப்பிலே கலகம் மூண்டது, வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டிலே மறுபடியும் உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது, சங்கம் நொறுங்கியது. யார்மேல் பிழை என்று தீர்ப்புக் கூற இன்று நான் வரவில்லை. வறுமையிலே கடைசிப் படியில் நிற்பவன் எத்தனை மாதம் பட்டினி கிடப்பான் என்பதை எண்ணிப் பார்க்காத கூட்டம், அவன் பிரிந்தபின் அவனைப் பழி சொல்வதிலே நியாயம் இல்லை. ஆலைக்குள்ளே தோளோடு தோள் நின்றவர்கள், ஆலைக்கு வெளியே ஒரே குவளையிலே தண்ணீர் குடிக்காதவர்களாக இருந்தார்கள். அந்தப் பிளவை அமைதியான நாளிலே அடைக்காதவர்களால் புயல் நாளிலே அடைக்க முடியவில்லை. கட்டு ஒன்றிலே நண்டுப் பொந்து இருந்தால் மாரி வெள்ளம் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும். கோடையிலேயே மண் போட்டு மிதிக்க வேண்டும். இது இரண்டாம் பாடம்.

இந்தப் பாடங்களை மேற்கு நாட்டாரும் தம் வழியிலே கற்றனர். அமெரிக்காவிலே சிக்காக்கோவுக்கு அருகில் ஹோதோர்ண் என்னும் பெயருள்ள தொழிற்சாலை ஒன்று இருந்தது. தொலைபேசிச் சாதனங்கள் செய்யும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பனிக்கு உரியது. அங்கே 1924ஆம் ஆண்டு தொடங்கி ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பதுதான் முதற் கேள்வி. வெளிச்சத்தைக் கூட்டியபோது உற்பத்தி கூடியது. குறைத்தபோதும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஆராய்ந்தவர் திகைத்தனர். அந்தக் கணக்குகளை எப்படிப் பொருள்கொள்வது என்பதிலே அறிஞரிடையே இன்றளவும் வாதம் உண்டு. ஆனால், அதன் பின்னர் அவர்கள் செய்த ஒரு காரியமே நமக்கு முக்கியமானது. 1928 முதல் 1930 வரையிலே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை ஒவ்வொருவராக இருத்திப் பேசச் செய்தார்கள். முதலிலே எழுதி வைத்த கேள்விகளைக் கேட்டார்கள். தொழிலாளரோ கேள்வியை விட்டுத் தம் மனத்திலே உள்ளதைப் பேசினார்கள். ஆகவே, கேள்விகளை ஒருபுறம் வைத்துவிட்டு, குறுக்கிடாமல் கேட்பதென்று முடிவு செய்தார்கள். பெரம்பூர்ச் சபை பஜனை முடிந்து வாசலிலே செய்ததை, பத்து ஆண்டின் பின்னர் பெரிய கம்பனி ஒன்று பணம் செலவிட்டுச் செய்தது.

நம்முடைய மண்ணுக்கே திரும்புவோம். காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளைத் தமிழறிஞராகவும் துறவியாகவும் போற்றுகிறோம். 'யாழ் நூல்' தந்த பேராசான் என்று சொல்கிறோம். அவரை ஒரு நிருவாகியாக நாம் பார்ப்பது குறைவு. இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்று நடத்தியவர் அவர். கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் 1929இல் எழுந்தது அவருடைய முயற்சியால். காசு சேர்க்க வேண்டும், காணி தேடவேண்டும், ஆசிரியரை அமர்த்த வேண்டும், விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டும், அரசாங்கக் கந்தோருக்குக் கணக்குக் காட்டவேண்டும். காவி உடுத்தவர் இவற்றையெல்லாம் செய்தார்.

அதன் பின்னர் நடந்ததை நோக்குங்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் சென்றார். 1933 வரை அங்கே இருந்தார். 1939இல் 'பிரபுத்த பாரத' பத்திரிகையின் ஆசிரியராக இமயமலைச் சாரலிலே மாயாவதிக்குச் சென்றார். 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக இருந்தார். 1947 ஜூலை 19ஆம் திகதி மறைந்தார். இத்தனை ஆண்டு அவர் மட்டக்களப்பிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால், பாடசாலை மணி நிற்கவில்லை. அவர் இல்லாத நாளிலும் நடத்துவதற்கு ஆட்கள் இருந்தார்கள். "நான் ஒருநாள் போகாவிட்டால் அங்கே ஒரு வேலையும் நடவாது" என்று நம்மவர் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது பெருமை அன்று, தம்பிமாரே, அது குறை. தான் இல்லாதபோதும் நடக்கும்படி செய்தவனே தலைவன்.

இன்னொன்றும் உண்டு. சிதம்பரத்திலே பேராசிரியராக இருந்த நாளிலே, பக்கத்திலிருந்த திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு அடிகளார் கல்வி புகட்டினார். 1921இலே பெரம்பூரைப் பிளந்த பிளவை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழக மேடையிலிருந்து இறங்கிச் சேரிக்கு நடந்த அந்தப் பேராசிரியருடைய கால்கள், கோடையிலே கட்டுக்கு மண் போட்ட கால்கள். உழவாரப் படை ஏந்திக் கோயில் வீதியிலே புல்லுச் செதுக்கிய அப்பர் சுவாமிகளின் வழி அது. அப்பரைவிடப் பெரிய தலைவர் நமக்கு யார்? அவர் கையிலே இருந்தது செங்கோல் அன்று. புல்லுச் செதுக்கும் கருவி.

இனி, நாளைக்கு ஒரு வரிசைக்கோ, கடைக்கோ, கந்தோருக்கோ பொறுப்பாகப் போகும் தம்பிமார் தங்கைமார் கையிலே கொண்டுபோகச் சில சொல் சொல்கிறேன்.

முதலாவது, ஆளறிந்து வேலையைக் கொடுங்கள். கொடுத்த பின் விட்டுவிடுங்கள். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். தேர்வதற்கு ஓர் அதிகாரம். தேர்ந்தவனை வேலையிலே விடுவதற்கு ஓர் அதிகாரம். நாம் தேராமலே ஒருவனை நியமிக்கிறோம்; நியமித்த பின் ஒவ்வொரு நாளும் சந்தேகப்படுகிறோம். இரண்டும் தலைகீழ். சுக்கிரீவன் நாலு திசைக்கும் வானரரை அனுப்பினான். இராமபிரான் கணையாழியை அனுமன் ஒருவன் கையிலேதான் கொடுத்தார். கொடுத்த பின்னர் பின்னாலே ஒற்றனை அனுப்பவில்லை.

இரண்டாவது, கண்டிப்பது தனியே, பாராட்டுவது பலர்முன்னே. பிழையைக் கண்டால் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விடுவது இரக்கம் அன்று. அவனை அவன் பிழையோடு கைவிடுவது. ஆனால், கூப்பிட்டு ஒரு பக்கத்திலே வைத்து, "மனே, இந்தத் தையல் இப்படிப் போனால் முழு உடுப்பும் திரும்பி வரும், இன்னொருக்கா செய்துகாட்டு" என்று சொல்லிப் பாருங்கள். அதே சொல்லை இருபது பேருக்கு முன்னாலே கத்திச் சொன்னால் அவன் காதிலே தையல் விழாது. அவமானம் ஒன்றே விழும். 'வெருவந்த செய்யாமை' என்று ஓர் அதிகாரம் அரசனுக்குச் சொன்னார் வள்ளுவர். மக்கள் நடுங்கும்படி நடக்காதே என்பது கருத்து. கையிலே வாள் வைத்திருந்த அரசனுக்கே அது வேண்டியிருந்தது என்றால், கையிலே வரவுப் புத்தகம் மட்டும் வைத்திருக்கும் நமக்கு எவ்வளவு வேண்டும்!

மூன்றாவது, பக்கம் சாராதீர்கள். உங்கள் வரிசையிலே உங்கள் ஊர்ப்பிள்ளை இருக்கும். மாமன் மகள் இருக்கும். முஸ்லிம் பிள்ளை இருக்கும். சிங்களப் பிள்ளையும் இருக்கும். கிழக்கு மாகாணத்திலே ஒரு கூரையின் கீழே இத்தனை பேரும் இருந்து உழைப்பதுதான் இயல்பு. லீவு கொடுக்கையிலும், மேலதிக நேர வேலை பகிர்கையிலும், கஷ்டமான வேலையை ஒப்படைக்கையிலும் உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு நமது பிள்ளைக்கு லீவு கொடுத்தால், நோன்புப் பெருநாளுக்கும் வெசாக்குக்கும் மற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தெரிய வேண்டும். ஒருமுறை சாய்ந்த தராசை மறுமுறை யாரும் நம்பமாட்டார்.

நான்காவது, சட்டத்தை அறிந்திருங்கள். அன்பு மட்டும் போதாது, உரிமையும் தெரியவேண்டும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், கிழமைக்கு நாற்பத்தைந்து மணி நேரம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. 1958இல் வந்த சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி நடைபெறுகிறது. இன்று ஊழியர் பங்கு 8 வீதம், தொழில் வழங்குநர் பங்கு 12 வீதம். அதன்மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் 3 வீதம் செலுத்தவேண்டும். உங்கள் கீழே வேலை செய்யும் பிள்ளைக்கு இந்தப் பணம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டு அறிந்து சொல்வது பொறுப்பாளரின் கடமை. ஜாம்ஷெட்பூர் இரும்பாலையிலே தாதா கம்பனியார் 1912இலேயே எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தார்கள். சட்டம் அவர்களை நெருக்குமுன்னரே செய்தார்கள். சட்டத்துக்கு முன்னே நடப்பவன் உத்தமன். சட்டத்தோடு நடப்பவன் மத்திமன். சட்டம் வந்தபின்னும் ஒளிப்பவனை என்னவென்று சொல்வது?

ஐந்தாவது, உங்களுக்குப் பின் ஒருவரை உருவாக்குங்கள். தான் அறிந்ததை ஒளித்து வைத்தால்தான் தன் கதிரை நிலைக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்காதவனை மேலே உயர்த்த எந்த முகாமையாளரும் துணியமாட்டார். அவன் இடத்தை நிரப்ப ஆளில்லையே! ஒளித்தவன் ஒளித்த இடத்திலேயே இருப்பான்.

இனிப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம், பணிவோடு வைக்கிறேன். இராமாயணத்திலே கடற்கரையிலே வானரர் எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்தபோது, அனுமனுடைய வலிமையை அனுமனுக்கே எடுத்துச் சொன்னவர் சாம்பவான். அவர் கிழவர், தம்மாலே கடலைத் தாண்ட முடியாது என்று அறிந்தவர். தாண்டக்கூடியவன் யார் என்பதையும் அறிந்தவர். முதுமையின் பெருமை அங்கேதான் இருக்கிறது. நமது ஊரிலே இளைஞருக்கு வலிமை இல்லையா? 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்த நாளிலே குழந்தைகளையும் முதியோரையும் தூக்கிக்கொண்டு ஓடிய தோள்கள் யாருடையவை? 2006இலும் 2007இலும் போரினாலே ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, முகாம்களிலே சமையல் வரிசையையும் தண்ணீர் வரிசையையும் சண்டை வராமல் ஒழுங்கு செய்தவர்கள் யார்? பதவி கொடுக்கு முன்னரே அவர்கள் தலைவராக நடந்தார்கள். அந்நாளிலே இளைஞராக இருந்தவர்கள் இன்று நடுவயதினர். இப்போது வளரும் பிள்ளைகளுக்கும் அதே வலிமை உண்டு. அவர்களிடம் ஒரு சாவியை, ஒரு கணக்குப் புத்தகத்தை, ஒரு திருவிழா நாளின் பொறுப்பை முழுமையாகக் கொடுத்துப் பாருங்கள். பிழை விட்டால் பக்கத்தில் இருந்து திருத்துங்கள். தங்கைமாருக்கும் அப்படியே. தொழிற்சாலைக்குப் போய் இந்தப் பகுதியின் அடுப்பை எரியவைப்பவர்களிலே பெரும்பங்கு அவர்கள்; மன்றச் செயற்குழுவிலே அவர்களுக்குக் கதிரை இல்லாதிருந்தால் அது முறையாகுமா?

கடைசியாக, மன்றத்துக்கு ஒரு யோசனை. பெரம்பூரிலே ஒரு பக்தி சபை செய்ததை நாமும் செய்யலாம். மாதத்திலே ஒரு வெள்ளிக்கிழமை, பூசையும் பஜனையும் முடிந்தபின், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். லீவிலே வந்திருக்கும் தொழிற்சாலைப் பிள்ளை, கடைப் பிள்ளை, கடலுக்குப் போகும் பிள்ளை, மேற்பார்வையாளராக இருக்கும் பிள்ளை எல்லோரும் வந்து உட்காரட்டும். வெளிநாட்டிலே இருப்பவர் தொலைபேசியிலே பேசட்டும். யாரும் புத்தி சொல்ல வேண்டாம், முதலிலே கேட்போம். கேட்டதிலே கடிதம் எழுதவேண்டியது இருந்தால், எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுக்கட்டும். தொழிற் திணைக்களத்துக்குப் போகவேண்டியது இருந்தால், இருவர் துணைக்குப் போகட்டும். மேற்பார்வையாளராக இருக்கும் தம்பி தன் நெருக்கத்தைச் சொல்லட்டும். அவனுக்கும் ஆறுதல் வேண்டும். ஏச்சு வாங்கிய பிள்ளையும் ஏசுகின்ற பிள்ளையும் ஒரே பாயிலே இருந்து ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டால், இரண்டு மூன்று வருடத்திலே இந்த ஊரிலிருந்து போகும் பொறுப்பாளர்கள் வேறு வகையாக இருப்பார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இளைஞர்களே, பாரதப் போரிலே கண்ணபிரான் கையிலே ஆயுதம் ஏந்தவில்லை. குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தார். அருச்சுனனுடைய தேர் போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று. உங்கள் கைக்கு வரும் பொறுப்பும் அத்தகையதாகுக. வெருகலம்பதியிலே எழுந்தருளியிருக்கும் சித்திர வேலாயுத சுவாமியின் திருவருள் உங்கள் எல்லோருக்கும் துணை நிற்பதாக.